பதினேழாம் எண்ணின் பன்னிரண்டாவது சாவு

விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் ஆட்களில் ஒருவரை எல்லோரும் பதினேழு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. பதினேழு என்பது அவர் இறந்தபோது கிடைத்த எண்.

வருடத்துக்கு ஒரு முறை அவர் இறப்பார். விமான நிலையமும் பேரிடர் மேலாண்மை அலுவலகமும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒத்திகை நடத்தும். விமானம் ஒன்று விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வார்கள். புகைக்குப் பழைய டயர்களைக் கொளுத்துவார்கள். ஊழியர்களில் இருபது பேர் அடிபட்டவர்களாக ஓடுபாதை ஓரத்துப் புல்லில் போய்ப் படுப்பார்கள். மீட்புக்குழு வந்து கழுத்தில் அட்டை மாட்டும். நடக்க முடிந்தவருக்குப் பச்சை, காத்திருக்கலாம் என்பவருக்கு மஞ்சள், அவசரத்துக்குச் சிவப்பு, போய்ச் சேர்ந்தவருக்குக் கறுப்பு.

முதல் வருடம் அவருக்குக் கிடைத்தது சிவப்பு. கால் முறிந்தவராக அலற வேண்டும். அலறினார். பார்வையிட வந்திருந்த அதிகாரி திரும்பிப் பார்த்து, "யாருய்யா அது, பஸ்ஸை நிறுத்தச் சொல்றது?" என்று கேட்டார். மறுபடி அலறச் சொன்னார்கள். மறுபடியும் பஸ்ஸைத்தான் கூப்பிட்டார். "இவரைச் செத்தவர் பட்டியல்ல போட்டுடுங்க," என்று உத்தரவானது. சிவப்பைக் கழற்றிக் கறுப்பை மாட்டினார்கள். எண் பதினேழு.

இறப்பதில் அவருக்கு அப்படியொரு கைராசி இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. எறும்பு காதுக்குள் நுழைந்தாலும் அசைய மாட்டார். இரண்டாம் வருடம் புதிதாக வந்த நர்ஸ் ஒருவர் அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒத்திகையை மறந்து, "சார், இவருக்கு நெஜமாவே ஏதோ ஆயிடுச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினார். அன்றோடு கறுப்பு அட்டை அவருக்கு நிரந்தரமானது. அதற்குப் பிறகு பதவி உயர்வும் இல்லை, இடமாற்றமும் இல்லை.

வீட்டில் இந்தப் புகழ் எடுபடவில்லை. மனைவிக்கு ஆற்றங்கரையில் இருக்கும் அரசு மருத்துவமனையில் வார்டு உதவியாளர் வேலை. நோயாளிகளைத் தூக்கி, புரட்டி, துடைத்து, திட்டி, எப்படியாவது பிழைக்க வைப்பவள் அவள்.

"நான் நாள் பூரா பொழைக்க வைக்கப் பாடுபடறேன். நீங்க டியூட்டில சாகறீங்க," என்பாள். ஒத்திகை முடிந்து வந்து அவர் நாற்காலியில் சாய்ந்தால் விடமாட்டாள். "அங்க செத்தது போதாதா? எழுந்து தண்ணி பிடிங்க."

"கறுப்பு அட்டைக்காரன்கிட்ட வேலை வாங்கக் கூடாது," என்பார் அவர், கண்ணைத் திறக்காமல்.

இறந்தவர்களைக் கடைசியில்தான் தூக்குவார்கள். அதனால் ஒத்திகையில் மிக நீண்ட நேரம் கிடப்பவர் பதினேழுதான். அவர் தலைமாட்டில் நின்றுதான் இரண்டு துறைக்காரர்களும் சண்டை போடுவார்கள். விமான நிலையத்தாருக்கு ஆரஞ்சு சட்டை, பேரிடர் அலுவலகத்தாருக்குப் பச்சை சட்டை. வருடத்தில் ஒரு நாள் சந்தித்து, கைகுலுக்கி, நலம் விசாரித்து, பிறகு மாலைவரை வேலிக்கு உள்ளே யார் ராஜா, வெளியே யார் ராஜா என்று வழக்காடுவார்கள். செத்தவர் எதிரில்தானே என்று இருவரும் மனம்விட்டுப் பேசுவார்கள். இரண்டு துறைகளின் உள்விவகாரமும் ஒருசேரத் தெரிந்த ஒரே மனிதர் இப்படித்தான் உருவானார், புல்தரையில் மல்லாந்தபடி.

மூன்றாம் வருடம் அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோய், வேலி என்று சுண்ணாம்பால் போட்ட கோட்டின் மேலேயே இறக்கி வைத்துவிட்டார்கள். தலை ஆரஞ்சு எல்லையில், கால் பச்சை எல்லையில். கையெழுத்து யார் போடுவது என்று நாற்பது நிமிடம் வெயிலில் வாக்குவாதம். அந்தச் சண்டையில் பிறந்ததுதான் படிவம் ஆறு. இறந்தவரையும் அவருடைய உடைமைகளையும் ஒரு துறை இன்னொரு துறையிடம் ஒப்படைப்பதற்கான தாள் அது. ஒன்பது கூட்டம் போட்டு, இரண்டு வருடம் அடித்துத் திருத்தி எழுதினார்கள். இரண்டு துறைகளும் மனமொப்பி ஏற்றுக்கொண்ட காகிதம் உலகத்தில் அது ஒன்றுதான். வருடாவருடம் தலைக்குமேல் வாசிக்கப்பட்டதில் பதினேழுக்கு அது மனப்பாடம்.

வாசிக்கப்படாத விஷயம் ஒன்றும் அவருக்குத் தெரியும். ஓடுபாதையின் வடகோடியில் ஒன்பதாம் எண் கேட் என்று ஒரு கம்பிக் கதவு உண்டு. மேட்டுச் சாலை அங்கே வந்து முட்டும். ஊருக்கு ஆபத்து வந்தால் அந்தக் கேட் வழியாகத்தான் ஆட்களை உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது கூட்டுத் திட்டம். கேட்டுக்கு இரண்டு பூட்டு. உள்பக்கப் பூட்டு விமான நிலையத்துடையது, வெளிப்பக்கப் பூட்டு பேரிடர் அலுவலகத்துடையது. ஒருவர் பூட்டை மற்றவர் கம்பி வழியே கைவிட்டுத் தொடக் கூடாது என்று இரண்டுக்கும் இரும்புக் கூண்டு வேறு. ஒத்திகையில் அதைத் திறந்ததே இல்லை. திறந்தால் ஏழு இடத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். ஆகவே பார்வையாளர் ஒருவர் கேட்டின் முன்னால் போய் நின்று, "கேட் ஒன்பது திறக்கப்பட்டது," என்று உரக்கச் சொல்லித் தாளில் டிக் போடுவார். பதினொரு வருடத்தில் பதினொரு முறை திறந்த கேட்டில் சிலந்திகூட இடம் மாறவில்லை.

ஏழாம் வருடம் அந்தக் கேட்டின் பக்கத்தில் இறந்து கிடந்தபோது, அந்நாளைய அதிகாரிகள் இருவரும் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது.

"ஒருத்தரை விட்டுட்டு இன்னொருத்தர் திறந்துடக் கூடாதுல்ல, அதுக்குத்தான் சொல்றேன். உங்க சாவி எங்க பீரோவுல இருக்கட்டும். எங்க சாவி உங்க பீரோவுல இருக்கட்டும்."

"நல்ல யோசனை சார். எழுதி வெச்சுக்கலாமா?"

"நாம ரெண்டு பேரும் இருக்கறப்ப எழுத்து எதுக்கு?"

அடுத்த இரண்டு வருடத்துக்குள் இருவரும் ஓய்வுபெற்றுப் போனார்கள். விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் அப்போது இறந்திருந்தார்.

பன்னிரண்டாம் வருடம் ஒத்திகைக்கு முன்பே மழை வந்துவிட்டது. நான்கு நாள் விடாமல் கொட்டியது. ஆறு கரையைத் தாண்டி மருத்துவமனையின் தரைத்தளத்துக்குள் புகுந்தது. நடக்க முடிந்தவர்களைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். மீதி பதினான்கு பேர் படுத்த படுக்கை. அதில் இரண்டு பேருக்கு ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. வேறு ஊர் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நிவாரணப் பொருள் இறக்க வந்த சரக்கு விமானம் ஒன்று காலியாக நின்றது. விமானி கையை விரித்துவிட்டார்: ஓடுபாதையில் மின்விளக்கு இல்லை, அடுத்த மழை வருகிறது, நாலரைக்குமேல் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது.

நோயாளிகளை ஏற்றிக்கொண்டு பஸ் புறப்பட்டது. பிரதான சாலை தண்ணீருக்குள் இருந்ததால் மேட்டுச் சாலை வழியாக ஒன்பதாம் எண் கேட்டுக்கு வந்தது. மூன்று நாற்பதுக்கு வந்து நின்றபோது, அது தாண்டிவந்த பாலம் பின்னால் மூழ்கிவிட்டது. பஸ்ஸின் முன்படியில் ஒரு சிலிண்டரை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பதினேழின் மனைவி.

கேட்டின் உள்பக்கம், ஸ்ட்ரெச்சர்களை விமானத்துக்கு இழுத்துப்போகப் பெட்டி வண்டியோடு பதினேழு நின்றிருந்தார். அவருக்கு முன்னால் விமான நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரி. வேலைக்கு வந்து நான்கு மாதம். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கூட்டுத் திட்டக் கோப்பு. வெளிப்பக்கம் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பேரிடர் அலுவலகத்து அதிகாரி. விமான நிலையத்தில் அவரைப் பேரிடர் மேடம் என்பார்கள். அவர் வந்து இரண்டு மாதம். இருவரிடமும் ஆளுக்கொரு உறை. இரண்டின் மேலும் 'கேட் 9 சாவி' என்று எழுதியிருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"துருப்பிடிச்சிருக்கு," என்றார் அதிகாரி.

"என்னுதும்தான். எண்ணெய் இருக்கா?" என்றார் மேடம்.

எண்ணெய் விட்டார்கள். திருகினார்கள். கல்லால் தட்டினார்கள். பூட்டை வெட்டும் கருவி தீயணைப்பு வண்டியில் இருந்தது. தீயணைப்பு வண்டியைக் கூட்டுத் திட்டப்படி காலையிலேயே பேரிடர் அலுவலகத்துக்கு இரவல் கொடுத்தாகிவிட்டது. அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"மோதித் தள்ளிடவா?" என்று பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"உள்ள ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குய்யா. எல்லாரையும் மேல அனுப்பிடாத," என்றார் மேடம்.

பதினேழு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், பூட்டு நல்லாத்தான் இருக்கு. சாவிதான் மாறியிருக்கு. அவங்க சாவி நம்மகிட்ட, நம்ம சாவி அவங்ககிட்ட."

அதிகாரி திரும்பினார். "நீ யாரு?"

"நான்தான் சார், வருஷா வருஷம் ஒத்திகையில..."

"ஓ, அந்தப் பொணமா? செத்தவங்க எல்லாம் யோசனை சொல்ல ஆரம்பிச்சா நாங்க எதுக்கு?"

"மேடத்தோட சாவியில என்ன நம்பர் போட்டிருக்குன்னு கேளுங்க சார்."

மேடம் சாவியைக் கண்ணருகே கொண்டுபோனார். "முப்பத்தொண்ணு."

அதிகாரி தன் பூட்டைப் பார்த்தார். அதன் நெற்றியில் முப்பத்தொன்று என்று கொத்தியிருந்தது.

"அப்புறம் என்ன, மாத்திக்குங்க!" என்று படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு!"

மாற்றிக்கொள்ளத்தான் முடியவில்லை. இரண்டு உறைகளிலும் ஒரே வாசகம் அச்சாகியிருந்தது: 'இச்சாவியை எக்காரணம் கொண்டும் பிற துறையினரிடம் ஒப்படைக்கக் கூடாது.' கீழே அவரவர் பொறுப்பேற்றபோது போட்ட கையெழுத்து இருந்தது. முந்தைய பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வேறொரு கேட்டை ஐந்து நிமிடம் திறந்து வைத்ததற்காக இரண்டு வருடம் விசாரணைக்கு அலைந்த கதை அதிகாரிக்குத் தெரியும்.

"நீங்க முதல்ல குடுங்க மேடம்."

"நீங்க குடுங்க. நான் என்னன்னு எழுதறது?"

"மேலிடத்துல வாய்மொழியா அனுமதி கேட்கறேன்," என்று அதிகாரி வாக்கி டாக்கியைக் காதில் வைத்தார். அது நேற்றே நனைந்து செத்திருந்தது. மேடத்தின் கைபேசியில் இணைப்பு இல்லை. மணி மூன்று ஐம்பத்தைந்து.

பதினேழு கேட்டைப் பார்த்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் மனைவி ஒரு கையால் சிலிண்டரையும், இன்னொரு கையால் ஒரு பெரியவரின் முகமூடியையும் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரியவரின் மார்பு வேகமாக ஏறி இறங்கியது.

"சார்," என்றார் பதினேழு. "சாவியை அடுத்த துறைக்குக் குடுக்கக் கூடாது. சரி. ஆனா செத்தவனோட உடைமைகளைக் குடுக்கலாம். படிவம் ஆறு. அதுல ரெண்டு பத்தி இருக்கு. ஒப்படைச்சது ஒண்ணு, பரிசோதிச்சுத் திருப்பி அனுப்பினது ஒண்ணு. உங்க கையில இருக்கற சாவி என் பையில இருந்ததுன்னு எழுதி மேடத்துக்குக் குடுங்க. மேடம் அவங்க சாவியைத் திருப்பி அனுப்பினதா எழுதட்டும்."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். படிவம் ஆறு வெற்றுத்தாளாக மூன்று பிரதி இருந்தது. அவர் முகத்தில் நான்கு நாளில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. உடனே அணைந்தது. "இதுக்கு ஒருத்தர் செத்திருக்கணுமே."

"ஏங்க!" என்று கத்தினாள் மனைவி. "பதினோரு வருஷமா செத்துச் செத்துப் பழகினீங்களே, இன்னிக்கு ஒரு தடவையாவது பிரயோஜனமா சாகுங்க!"

அவர் சேற்றில் மல்லாந்து படுத்தார். கண்ணை மூடினார். உடனே எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. பழக்கப்பட்ட காட்சியைப் பார்த்ததும் அதிகாரியின் பேனா தானாகத் திறந்துகொண்டது. மேடம் கம்பி வழியே குடையை நீட்டித் தாளுக்குப் பிடித்தார்.

"மேலேயே 'பயிற்சி அல்லது உண்மை'ன்னு இருக்கு. எதை அடிக்கறது?" என்றார் அதிகாரி.

"பயிற்சின்னா சாவி கைமாறினது செல்லாது," என்றார் மேடம்.

அதிகாரி பயிற்சியை அடித்தார். "இறப்புக்குக் காரணம்?"

"நிர்வாகம்னு எழுதுங்க!" என்றது பஸ் படி.

அவர் 'வெள்ளம்' என்று எழுதினார். "உடல்?"

"பின்னர் ஒப்படைக்கப்படும்," என்று சொன்னது உடல்.

"பேசாதய்யா, செல்லாமப் போயிடும்!" என்றார் அதிகாரி. மூன்று பிரதியிலும் கையெழுத்தானது. சாவிகள் கம்பிகளுக்கு நடுவே ஒன்றையொன்று கடந்து போயின. இரண்டு பூட்டுகளும், எண்ணெய் குடித்த மகிழ்ச்சியில், ஒரே திருகலில் வாய் பிளந்தன. மணி நாலு பத்து.

பஸ் உள்ளே வந்தது. பெட்டி வண்டிக்கு அவசியமே இல்லாமல் டிரைவர் நேரே விமானத்தை நோக்கி விட்டார். சக்கரம் தலைமாட்டில் ஓரடி தள்ளிச் சேற்றை வாரி அடித்தபோதும் பதினேழு அசையவில்லை. மூன்றாம் பிரதி இன்னும் மடிக்கப்படவில்லை. எழுந்தால் ஏதாவது சிக்கல் வரலாம் என்று நினைத்தார். ஆனால் ஜன்னலில் அவள் முகம் கடந்தது என்று எப்படியோ அவருக்குத் தெரிந்தது. பதினொரு வருட வரலாற்றில் முதல் முறையாக, வலது கையின் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.

நாலு இருபத்தெட்டுக்கு விமானம் மேலேறியது. பதினான்கு நோயாளிகளும் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பெரியவர் இறங்கியதும் முகமூடியைக் கழற்றி, "கேட்டுக்கிட்ட ஒருத்தர் போயிட்டாரே, பாவம்," என்றாராம். "அவருக்குப் பழக்கம்தான் ஐயா," என்றாளாம் மனைவி.

தண்ணீர் வடிந்த பிறகு காகிதங்கள் மேலேறின. மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது: 'விமான நிலையமும் பேரிடர் மேலாண்மை அலுவலகமும் முழு ஒருங்கிணைப்புடன் செயல்பட்டு ஒன்பதாம் எண் கேட்டைத் திட்டப்படி திறந்தன. மீட்கப்பட்டோர்: பதினான்கு. உயிரிழப்பு: ஒன்று.'

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு துறைகளின் தலைமையிடத்திலிருந்தும் ஆட்கள் மலர்வளையத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். யாருடையதை முதலில் வைப்பது என்று மாடிப்படியிலேயே பேச்சு முற்றியிருந்தது. மனைவி கதவைத் திறந்தாள்.

"உங்க ஈடுகட்ட முடியாத இழப்புல நாங்களும்..."

"சாப்டுட்டு இருக்காரு. கூப்பிடட்டுமா?" என்றாள்.

வந்தவர்களில் மூத்தவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்ளே கையை நக்கிக்கொண்டு எட்டிப்பார்த்தவரைப் பார்த்தார். "இவரு உங்களுக்கு...?"

"இழப்பு," என்றாள் மனைவி.

இறந்தவர் மீண்டதாகப் பதிவு செய்ய இரண்டு துறைகளிலும் படிவம் இல்லை. எழுத ஒரு குழு அமைத்தார்கள். அதுவரைக்கும் அவருடைய அடையாள அட்டை கதவு இயந்திரத்தில் சிவப்பு காட்டியது. தினமும் பார்வையாளர் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். பேரிடர் அலுவலகத்திலிருந்து நினைவூட்டல் வந்தது: 'படிவம் ஆறில் குறிப்பிட்ட உடல் இன்னும் வந்து சேரவில்லை.' விமான நிலையம் பதில் எழுதியது: 'மேற்படி உடல் காலை ஷிப்டில் இருப்பதால் தற்போது அனுப்ப இயலாது.'

அடுத்த வருட ஒத்திகையில் மருத்துவமனையையும் சேர்த்துக்கொண்டார்கள். பதினேழு வழக்கம்போல் போய் நின்றார். பாதுகாப்பு அதிகாரி தலையைச் சொறிந்தார்.

"உங்களைச் செத்தவராப் போட முடியாதுங்க. கணக்குல ஏற்கெனவே செத்திருக்கீங்க. ரெண்டு தடவை வந்தா கேள்வி கேப்பாங்க. சொந்தக்காரரா நடிங்க. பொணத்துமேல விழுந்து அழணும்."

"யாரு பொணம்?"

மருத்துவமனை ஆட்களில் ஒருத்திக்குப் பதினேழாம் எண் அட்டையைக் கொடுத்திருந்தார்கள். ஒன்பதாம் எண் கேட்டின் பக்கத்தில், புல்லில், கழுத்தில் கறுப்பு அட்டையோடு அவள் மல்லாந்திருந்தாள். கொஞ்சமும் அசையவில்லை. மண்டியிட்டுக் குனிந்து வாய்விட்டு அழுதார்.

"பஸ்ஸு நிக்காது. கிளம்பிப் போயிடுச்சு," என்று பிணம் உதட்டை அசைக்காமல் சொன்னது.

அவர்களைத் தாண்டிப் போய்க் கேட்டின் முன்னால் நின்றார் பார்வையாளர். "கேட் ஒன்பது திறக்கப்பட்டது!" என்று உரக்கச் சொல்லி, தாளில் டிக் போட்டார்.

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "ஏங்க, திறக்கவே இல்லையே. சாவியையாவது மாத்தி வெச்சாங்களா?"

"உடைமைகளைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. மறுபடி அவங்க சாவி நம்மகிட்ட, நம்ம சாவி அவங்ககிட்ட."

"அடப்பாவிகளா..."

"பேசாத," என்றார் அவர், அழுகையை நிறுத்தாமல். "நீ செத்துட்ட. காதை மட்டும் திறந்து வெச்சுக்க."